பிறை தெரியாத சனிக்கிழமை

வீரபத்திரனுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு, தலை நரைத்த பிறகு பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் அவர் வாயில் ‘டீச்சர்’ தவிர வேறு வராது.

அவர் எழுதிய முதல் புரோகிராம், ஊர்ப் பால் குளிரூட்டும் நிலையத்தில் ஓடியது. டேங்கில் சூடு எல்லை தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும். வெயில் ஏறியதும் மேனேஜர் அந்த எல்லையைத் திரையில் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைத்தார். திரையும் ஐந்து என்றே காட்டியது. டேங்க் ஆறு டிகிரிக்கு ஏறியபோது அலாரம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பால் மொத்தமும் திரிந்துபோனது.

“திங்கட்கிழமை ஒரு தடவை பார்ப்பேன். அப்பவும் அடிக்கலேன்னா கழட்டிட்டுப் போயிருங்க” என்றார் மேனேஜர். இதுவும் போனால் வேறு பிழைப்பில்லை.

புதன்கிழமை டீச்சருக்குப் போன் போட்டார்.

“பெருநாளன்னிக்கு வீட்டுக்கு வாங்கண்ணே. சாப்பிட்டுட்டு உக்காந்து பாப்போம்.”

“பெருநாள் என்னிக்கு?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிறை தெரிஞ்சா சனிக்கிழமை.”

சனிக்கிழமை காலையில் இட்லியைக்கூடத் தொடாமல் கிளம்பினார். பிரியாணிக்கு வயிற்றில் இடம் வேண்டாமா! ஒரு கையில் லேப்டாப், மறு கையில் ஆரஞ்சுப் பழப் பை.

வீட்டில் பிரியாணி வாசமே இல்லை. மெஹருன்னிசா உலர்ந்த உதட்டோடு கதவைத் திறந்தாள்.

“இன்னிக்கு முப்பதாவது நோன்புண்ணே. நேத்து பிறை தெரியல. நாளைக்குத்தான் பெருநாள்.”

மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நோன்பு வீட்டுக்குப் பசியோடு வந்து நிற்கிறோமே!

“உக்காருங்க. உங்களுக்கு ரெண்டு தோசை ஊத்துறேன்.”

“ஐயையோ, வேண்டாம் டீச்சர். இதை மட்டும் பாருங்க.” லேப்டாப்பைத் திறந்தார். “எல்லை எண் செட்டிங்ஸ் கோப்புலதான் இருக்கு. திரைக்கோப்பும் அங்கதான் எடுக்குது, அலாரம் கோப்பும் அங்கதான் எடுக்குது. ஒண்ணு அஞ்சுங்குது, இன்னொண்ணு ஏழுலயே நிக்குது. இது என்ன கூத்து?”

அவள் லேப்டாப் பக்கம் திரும்பவே இல்லை.

“பெருநாள் இன்னிக்குன்னு யாருண்ணே சொன்னா?”

“நீங்கதான்.”

“நான் என்ன சொன்னேன்?”

“பிறை தெரிஞ்சா சனிக்கிழமைன்னு...”

“நீங்க எதைக் கொண்டுபோனீங்க?”

வீரபத்திரன் தலையைச் சொறிந்தார். “சனிக்கிழமையை.”

“நேத்து சாயங்காலம் யாரையாவது கேட்டீங்களா?”

“தெரிஞ்சுபோன விஷயத்தை எவன் மறுபடி கேட்டுக்கிட்டு இருப்பான்?”

சொன்ன வாய் மூடவில்லை. அவசரமாக அலாரம் கோப்பைத் திறந்தார். முதல் வரியிலேயே இருந்தது. மெஷின் கிளம்பும்போது செட்டிங்ஸிலிருந்து எண்ணை வாங்கித் தன் மடியில் முடிந்துகொள்கிறது. அதோடு சரி, அந்தப் பக்கமே போவதில்லை. திரைக்கோப்போ ஒவ்வொரு முறையும் செட்டிங்ஸிடம் போய், இப்போது என்ன என்று கேட்டுக் காட்டுகிறது.

அந்த வரியை அழித்தார். அலாரத்தையும் ஒவ்வொரு முறையும் போய்க் கேட்க வைத்தார். ஓடவிட்டு எல்லையை ஏழிலிருந்து ஐந்தாக்கி, சூட்டை ஆறு என்று கொடுத்தார். அலாரம் வீடே அதிர அலறியது. மெஹருன்னிசா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

லேப்டாப்பை மூடப்போனவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

“டீச்சர், இத்தனை கோப்பும் ஒவ்வொரு தடவையும் போய்க் கேக்குறது வீண் அலைச்சல்தானே? எண் மாறினதும் செட்டிங்ஸே வந்து எல்லாத்துக்கும் சொல்லிட்டா என்ன?”

அவள் ஆரஞ்சுப் பையை வாங்கி, நாளைக்கென்று உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

“பிறை என்னிக்குண்ணே வீடு வீடா வந்து கதவைத் தட்டியிருக்கு?”