விரல் நீட்டக் கூடாத பரங்கிக்காய்

மலைகளெல்லாம் இன்னும் இடம் பார்த்து உட்காராத முன்னொரு காலத்திலே, பொன்னூர் ராஜ்ஜியத்தின் ஓரத்தில் சின்னஞ்சிறு பரங்கித் தோட்டம் ஒன்று இருந்தது. பவளாயியும் அவள் அண்ணன் செங்கோடனும் அதில் பாடுபட்டார்கள்.

ஒருநாள் அந்த வழியே வந்த மந்திரவாதி கருநாக்கன், விரலை நீட்டிப் பிஞ்சுகளை எண்ணினான். விரல் நீட்டினால் பிஞ்சு அழுகிவிடுமே!

"மடக்கும் ஐயா விரலை!" என்று செங்கோடன் அவன் கையைத் தட்டிவிட்டான்.

"என் கையையா தட்டினாய்? நீயே பிஞ்சாகிப் போ! காம்பு காய்கிறவரை யாரும் விரல் நீட்டாவிட்டால் மனுஷனாவாய். ஒரு விரல் நீண்டாலும் அழுகிப்போவாய்!"

அண்ணன் நின்ற இடத்தில் ஒரு பிஞ்சு கிடந்தது.

பவளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்கு வைக்கோல் மெத்தை போட்டாள். பிஞ்சு பெருத்தது, பெருத்தது, வண்டிச் சக்கரமாய்ப் பெருத்தது. அதோடு விட்டதா?

"பவளாயி, முதுகு அரிக்குது. திருப்பிப் போடு!" என்று பேசவும் செய்தது.

பேசுகிற பரங்கியா! சேதி பரவிவிட்டது. கூட்டம் வந்தால் விரல் சும்மா இருக்குமா? பவளாயி யோசித்தாள். மற்றக் காய்களை அறுத்துக் கூட்டு வைத்தாள். வந்தவர் கையிலெல்லாம் வாழையிலையில் சுடச்சுட வைத்தாள்.

"ரெண்டு கையாலும் பிடிங்க, கண்ணால மட்டும் பாருங்க!"

முதல் நாள் உள்ளூர் வந்தது. ரெண்டு கையாலும் பிடித்தது, கண்ணால் மட்டும் பார்த்தது. மறுநாள் பக்கத்து ஊர் வந்தது. ரெண்டு கையாலும் பிடித்தது, கண்ணால் மட்டும் பார்த்தது. மூன்றாம் நாள் ராஜாவே வந்துவிட்டார்.

"எனக்குமா?"

"ராஜாவுக்கும் கை ரெண்டுதானே சாமி!"

ராஜா சிரித்துக்கொண்டே இலையை ஏந்தினார். காம்பு காய ஒரு நூல்தான் பாக்கி. அப்போது முக்காடு போட்ட ஒருவன், "எனக்குக் கூட்டு ஆகாது" என்று கையை உயர்த்திப் பரங்கியை நோக்கி விரலை நீட்டப் போனான்.

பவளாயி குறுக்கே பாய்ந்தாள். நீண்ட விரல் அவள் மூக்குக்கு நேரே நின்றது.

"நான் பிஞ்சில்லை ஐயா!"

"அந்தக் குரல்தான்!" என்று பரங்கி அலறியது. "என்னைச் சபிச்ச பாவி வந்திருக்கான்!"

"எவன் அவன்?" என்றார் ராஜா.

இலைகள் பொத்துப்பொத்தென்று விழுந்தன. "இதோ, இவன்!" அத்தனை விரலும் கருநாக்கனைக் காட்டின. அவன் போட்ட மந்திரம் அவன்மேலேயே பாய்ந்தது. சுருங்கினான், வெம்பினான், அழுகல் பிஞ்சாக உருண்டான்.

காம்பு காய்ந்து பரங்கி படாரென்று பிளந்தது. தலையெல்லாம் விதையோடு செங்கோடன் எழுந்தான்.

"கூட்டு மிச்சமிருக்கா தங்கச்சி? வாசனையிலேயே செத்தேன்!"

ராஜா அவர்களுக்கு ஆற்றங்கரையில் நாலு காணி நிலம் கொடுத்தார். அன்றிலிருந்து எந்தத் தோட்டத்தைக் கடந்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் போவார். நீங்களும் பிஞ்சைக் கண்டால் விரலை மடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே யார் இருக்கிறார்களோ, யார் கண்டது!