காட்டுத்தீ நுழையும் வாசல்

நெருப்பும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலைச்சரிவில் பன்னிரண்டு குடிசைகள் கொண்ட ஓர் ஊர் இருந்தது. கூரை வேயக் கைக்கெட்டும் தூரத்தில் புல் கிடைக்கட்டும் என்று, அதைச் சுவர்வரை வளரவிட்டிருந்தார்கள். கோடைதோறும் காட்டுத்தீ இறங்கி வரும். ஊரே ஆற்றுக்கு ஓடும். பிறகு சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டுப் புதுக் குடிசை போடும்.

அந்தக் கோடையில் மருதியால் ஓட முடியவில்லை. அவள் தங்கை ரங்கி உள்ளே பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மேலே மூங்கில் வெடிக்கும் சத்தம் நெருங்கியது.

"அவளைத் தூக்கினால் வழியிலேயே போய்விடுவாள். நீயாவது வா, மருதி!" என்று கத்தினார் ஊர் மூப்பன் பெள்ளன்.

மருதி அடுப்பின் முன் குந்தினாள். "உன் அக்கா வருகிறாள். எங்களை விட்டுவிடச் சொல்லேன்," என்று அடுப்புத் தீயிடம் கெஞ்சினாள்.

"அவள் யார் பேச்சையும் கேட்கமாட்டாள்," என்றது அடுப்புத் தீ. "ஆனால் அவளுக்குக் கால் கிடையாது. உங்கள் புல்தான் அவளைச் சுமந்துவந்து வாசலில் இறக்குகிறது."

மருதி அரிவாளை எடுத்தாள். சுவரோரப் புல்லை அரிந்து அரிந்து வீசினாள். கை கிழிந்தது; நிற்கவில்லை. பிறகு அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவி, அப்பால் நின்ற புல்லில் வைத்தாள்.

"கூரைப் புல்லடி அது!" என்று பதறினார் பெள்ளன்.

"கூரைக்குக் கீழே ஆள் வேண்டாமா மூப்பா? அரிவாளை எடுங்கள்!"

அவர் ரங்கியின் குடிசையைப் பார்த்தார். பிறகு அரிவாளோடு வந்தார். ஓடியவர்களும் திரும்பி வந்தார்கள். அடுப்புத் தீ சரிவில் ஏறி, புல்லையெல்லாம் தின்று தீர்த்தது.

காட்டுத்தீ வந்து நின்றது. எதிரே கருந்தரை. "எனக்கு வைத்த சோறு எங்கே?" என்று உறுமியது.

"நான் தின்றுவிட்டேன், அக்கா," என்றது சின்னத் தீ.

பெரிய தீ வாலைச் சுருட்டிப் படுத்து, புகைந்து, அணைந்தது. குடிசைக்குள் குழந்தை வீறிட்டது. ஊர் பறையடித்து ஆடியது. மருதி கரிபடிந்த முகத்தோடு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அணையும்முன் காட்டுத்தீ அவளிடம் சொன்னது: "வெறுந்தரையை இனித் தாண்டமாட்டேன். ஆனால் எந்த வீட்டுச் சுவரைக் காய்ந்த புல் தொடுகிறதோ, அங்கே என்னை அழைத்ததாகவே எடுத்துக்கொள்வேன்."

அன்று தொடங்கியதுதான்: சருகும் புல்லும் சுவரை உரச விட்ட குடியிருப்புகளுக்குள் காட்டுத்தீ நேரே நுழைகிறது; கோடைக்கு முன்பே சுற்றிலும் தரையைச் செதுக்கி வைத்த ஊரைக் கண்டால், பெரிய தீயும் பெரும்பாலும் எல்லையிலேயே படுத்துவிடுகிறது.