கொம்பையா மாமா விட்ட கொட்டாவி

கொம்பையா மாமா மட்டும் வாயைத் திறக்காம இருந்துட்டா இசக்கிராஜுக்குக் கல்யாணம் ஆயிரும். அவ்வளவுதான் விஷயம். பையன் கோவில்பட்டியில டிராக்டர் ஷோரூம் மெக்கானிக். நல்ல தொழிலு, நல்ல குணம். ஆனா பொண்ணு பாக்கப் போற எடத்துக்கெல்லாம் தாய்மாமனும் கூட வருவாரே! போன எடத்துல அவரு அவுத்துவிட்ட கதையக் கேட்டுட்டு, "மாமன்காரனே இந்தப் போடு போடுறாரு, மாப்பிள்ளையோட வேலையும் இப்படித்தான் இருக்கும்"னு கைகழுவிட்டாக. அதுக்கு முந்தின எடமும் அதே மாதிரிதான் போச்சு.

இந்தத் தடவ எட்டயபுரத்துப் பொண்ணு. பேரு பிரம்மசக்தி. போட்டோவப் பாத்த நாள்லருந்து இசக்கிராஜுக்குச் சோறு எறங்கல. கார்ல போகும்போதே அவன் அம்மா செல்லத்தாயி தன் அண்ணன் கையப் புடிச்சிக்கிட்டா.

"அண்ணே, ஒனக்குப் புண்ணியமாப் போகும். கேசரியத் தின்னு, காப்பியக் குடி, நல்லாச் சிரி. பேச மட்டும் பேசாத."

"நான் என்ன சின்னப்புள்ளையா தாயி?"ன்னாரு கொம்பையா.

சொன்னபடி மனுசன் இருக்கத்தான் செஞ்சாரு. கேசரிய வாயில அடக்கிக்கிட்டு, ஃபேனப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பொண்ணு வந்து காப்பி குடுத்துட்டு உள்ள போயாச்சு. இசக்கிராஜ் டம்ளரத்தான் பாத்தான், மொகத்தப் பாக்கத் தைரியம் வரல. பொண்ணோட அப்பா பால்பாண்டி அப்பவாவது சும்மா இருந்திருக்கலாம். பேச்சுக் குடுக்கணுமேன்னு, "அண்ணாச்சி, படம் கிடம் பாக்கறதுண்டா?"ன்னு கேட்டுட்டாரு.

இசக்கிராஜ் அவசரமா மாமா பக்கம் கேசரித் தட்டத் தள்ளுனான்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீக?" மாமா டம்ளரக் கீழ வச்சாரு. "நான் பாத்துச் சரின்னாத்தான் நம்ம பக்கம் ஒரு படம் ஓடும். போன மாசம் ஒண்ணு வந்துச்சு. பேரு வேண்டாம், பொழச்சிப் போறாக. கதாநாயகன் ஊரத் திருத்துறாரு, திருத்துறாரு, திருத்திக்கிட்டே இருக்காரு. ஊரு திருந்த மாட்டேங்குது. எனக்கு ஒரு கொட்டாவி வந்துச்சு, விட்டேன். என்னப் பாத்துப் பக்கத்து சீட்டுக்காரன் விட்டான். அவனப் பாத்து அடுத்த வரிசை. அப்படியே பரவி ஆபரேட்டர் ரூமுக்கே போயிருச்சு. கடைசியில திரையில சண்ட போட்டுக்கிட்டிருந்த கதாநாயகன் இருக்காரே, ஓங்குன கைய அந்தரத்துல நிப்பாட்டிட்டு ஆஆன்னு ஒரு கொட்டாவி! வில்லன் என்ன செய்வான்? அவரு வாய மூடுற வரைக்கும் அடி வாங்கக் காத்துக்கிட்டு நின்னான், பாவம்."

பால்பாண்டியோட அக்கா வெயிலுகந்தாள் கதவோரம் உக்காந்திருந்தா. கடையில வாங்குன பாலுக்கே ரெண்டு கேள்வி கேக்குற பொம்பள அவ.

"திரைக்குள்ள இருக்கவருக்கு ஒங்க கொட்டாவி எப்படித் தெரிஞ்சுது அண்ணாச்சி?"

"நான் முன் வரிசையிலல்லா இருந்தேன், தங்கச்சி!"

செல்லத்தாயி அண்ணன் காலத் தன் காலால மிதிச்சா. அவரு கால எடுத்துச் சம்மணம் போட்டுக்கிட்டாரு. இனி மிதிக்கவும் வழி இல்ல.

"இன்னொரு படம் ரெண்டாம் பாதி ஒரே இழுவை. பொறுத்துப் பாத்தேன். 'ஏ, வெட்டுங்கப்பா!'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். அந்தா படம் முடிஞ்சு லைட்டப் போட்டுட்டான்! அதுல என்ன ஆச்சுன்னா, ரெண்டாம் பாதியில கதாநாயகிக்குப் பொறக்க வேண்டிய புள்ள பொறக்காமலே போச்சு. அந்தப் புள்ளையா நடிச்ச பய இப்பவும் என்ன எங்க பாத்தாலும் மொறைக்கான்."

"பொறக்காத பய எப்படி மொறைக்கான்?"ன்னா வெயிலுகந்தாள்.

"அந்தக் கோவத்துலதான் மொறைக்கான்!"

உள்கதவுத் திரைச்சீலை லேசா ஆடுச்சு. பின்னால நிக்கறது பிரம்மசக்தின்னு இசக்கிராஜுக்குத் தெரியும். திரை ஆடுறதப் பாத்தா தலையில அடிச்சிக்கிற மாதிரி இருந்துச்சு. போச்சு, இதுவும் போச்சுன்னு அவன் எந்திரிக்கப் பாத்தான்.

"மாமா, நேரமாகுதே..."ன்னான்.

"இரு மாப்ள, சீரியலப் பத்திச் சொல்லாண்டாமா? சாயங்காலம் ஒரு சீரியல் பாக்கேன். வெளங்கவே வெளங்காது, ஆனா நிப்பாட்டக் கூடாது. அந்த மருமகப்புள்ள வருசக்கணக்கா அழுவுதா. அழுது அழுது எங்க வீட்டு டிவி அடியில சொட்டுச் சொட்டா வடிய ஆரம்பிச்சிருச்சு. முதல்ல துணி வச்சுத் தொடச்சோம். அப்புறம் கிண்ணம் வச்சோம். இப்ப கொடம். கோவில்பட்டியில குழாயில தண்ணி வந்தா வருது, வராட்டிப் போகுது, எங்க தெருவுக்குக் கவலையே இல்ல. சீரியல் ஆரம்பிக்கிற பாட்டுக் கேட்டா எங்க வாசல்ல கொடத்தோட வரிசை நிக்கும்."

மாமா மாட்டிக்கிட்டாருன்னு வெயிலுகந்தாள் முன்னால நகந்து உக்காந்தா. "கண்ணீருன்னா உப்புக் கரிக்குமே அண்ணாச்சி. எப்படிக் குடிச்சீக?"

மாமா ஒரு நிமிசம் யோசிச்சாரு. செல்லத்தாயி சாமியக் கும்பிட்டா.

"அது கிளிசரின் போட்டு அழுவுற கண்ணீரு, தங்கச்சி. லேசா இனிக்கும். பொங்கலுக்குப் பாயாசமே அதுலதான் வச்சோம்."

வெயிலுகந்தாளுக்கே வாயடைச்சுப் போச்சு. அதுல மாமாவுக்குக் குஷி தலைக்கு ஏறிருச்சு.

"இதையும் கேளுங்க. அந்த மருமகள வில்லி மாடிப்படியில வச்சுத் தள்ளிவிட்டா. திங்கக்கிழமை தள்ளுனா. மொதல்ல மாமியார் மொகத்தக் காட்டுனான், அப்புறம் மாமனார், கொழுந்தன், வேலைக்காரி, நாய்க்குட்டி. புள்ள இன்னும் அந்தரத்துலதான் இருக்கா. இது ஆகாதுன்னு நான் திருச்செந்தூர் போயி மொட்டை போட்டு, கடல்ல குளிச்சிட்டுத் திரும்பி வந்து பாக்கேன், இன்னும் தரைக்கு வரல! மனசு கேக்குமா? ஒரு தலையணைய எடுத்து டிவிக்கு அடியில வச்சேன். வெள்ளிக்கிழமை வந்து அதுல பொத்துன்னு விழுந்தா. எந்திரிச்சு, 'ரொம்ப நன்றி அண்ணாச்சி'ன்னுட்டு, முந்தானைய உதறிக்கிட்டு மறுபடியும் டிவிக்குள்ள போயிட்டா."

யாரும் சிரிக்கல. பால்பாண்டி டம்ளர டக்குன்னு கீழ வச்சாரு.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு டிராக்டர் ஷோரூம்ல வேலைன்னு சொன்னீகளே. அதுவும் இந்தக் கணக்குத்தானா?"

கொம்பையா மாமா மொகம் சுண்டிப்போச்சு. "அய்யா, அது சத்தியமா நெசம்"ன்னாரு. அவரு வாயிலருந்து வந்ததுல அது ஒண்ணுதான் பொய் மாதிரி கேட்டுச்சு. செல்லத்தாயி கண்ணு கலங்கிட்டா.

அப்பத்தான் திரைய விலக்கிக்கிட்டுப் பிரம்மசக்தி வந்தா. அழுது செவந்த கண்ணுன்னு இசக்கிராஜ் மொதல்ல நெனச்சான். நல்லாப் பாத்தா, அது சிரிச்சுச் சிரிச்சுச் செவந்த கண்ணு.

"வேலை நெசம்தான்ப்பா. நானும் அத்தையும் போன வாரமே ஷோரூமுக்குப் போயிப் பாத்துட்டோம். இவுக டிராக்டருக்கு அடியில கெடந்தாக. காலு மட்டும்தான் தெரிஞ்சுது."

பால்பாண்டி அக்காவப் பாத்து மொறைச்சாரு.

"ஆமா. ரெண்டு காலும் இருந்துச்சு"ன்னா வெயிலுகந்தாள்.

பொண்ணு கொம்பையா மாமா பக்கம் திரும்புனா. "பெரியப்பா, நீங்க இன்னைக்குப் பேசுனது அத்தனையும் நான் நேத்தே பாத்துட்டேன்."

பெரியப்பாவா! மருமகளா முறை வச்சுல்ல கூப்பிட்டுட்டா! செல்லத்தாயி நிமிந்து உக்காந்தா.

"எங்கம்மா பாத்த?"ன்னாரு கொம்பையா.

"டிவியிலதான். இன்னைக்கு நடக்கறது மறு ஒளிபரப்பு. இதே கேசரி, இதே கொட்டாவி. அத்தை இதே எடத்துலதான் வாயடைச்சுப் போனாக. அப்பா இதே கேள்விதான் கேட்டாக. நீங்க பேச ஆரம்பிக்கும்போது நாங்க ஒல வச்சோம், முடிக்கும்போது அடுத்த நாள் இட்லிக்கு மாவு புளிச்சிருந்துச்சு."

பால்பாண்டி சிரிப்ப அடக்கப் பாத்தாரு, முடியல, குலுங்கிட்டாரு. கொம்பையா மாமா ஆயுசுல மொத தடவையா அடுத்தவுக கதையில மாட்டிக்கிட்டு, "முடிவு என்னம்மா ஆச்சு?"ன்னு வாயப் பொளந்து கேட்டாரு.

"பொண்ணு சரின்னுட்டா, பெரியப்பா. மாப்பிள்ளை வாயத் தொறக்குறாரு, கரெண்டு போயிருச்சு. அவரு என்ன சொன்னாருன்னுதான் தெரியல."

எல்லாரும் இசக்கிராஜப் பாத்தாக. அவன் மொத தடவையா அவ மொகத்த நேருக்கு நேரா பாத்தான்.

"அவரும் சரின்னுதான் சொன்னாரு"ன்னான். "நான் செல்லுல பாத்தேன்."

வீடே வெடிச்சுச் சிரிச்சுது. கொம்பையா மாமா மட்டும் சிரிக்கல. மருமகன் காதுகிட்ட குனிஞ்சு பல்லக் கடிச்சாரு.

"ஏ மாப்ள, பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்படியாலே புளுகுவ?"