ஓர் ஆள் அகலம்

அருள்தாசுக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய மாஸ்டர் உலகம்மைக்கு முப்பத்து மூன்று. ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் ஆட்களை ஓடவிட்டுப் பழகியவர், ஊருக்குத் திரும்பியதும் பயிற்சியாளர் ஆகவேண்டும் என்று தன்னைவிட இளைய பெண்ணிடம் போய் நின்றார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும். அவரிடம் அது தேவைக்கு மேலேயே இருந்தது.

உலகம்மையின் பெயர்ப் பலகையில் ஃபங்ஷனல் ஃபிட்னஸ் சென்டர் என்று எழுதியிருந்தது. கடையநல்லூரில் அப்படிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வாசலில் டிராக்டர் டயர் கிடப்பதால் டயர் ஜிம் என்றால்தான் வழி சொல்வார்கள்.

எட்டு மாதத்தில் அருள்தாஸ் எல்லாவற்றையும் படித்துவிட்டார். உட்காருவது, குனிவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது, இடுப்பைத் திருப்புவது. மனிதன் செய்கிற வேலையெல்லாம் இந்த ஆறுக்குள் அடக்கம் என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

ஒருநாள் உலகம்மையிடம் கேட்டார்.

"மாஸ்டர், இந்த ஆறுக்கும் அடிப்படையா ஒண்ணு இருக்கும்லா? அது என்னது?"

உலகம்மை வாசலைக் காட்டினார். கைத்தடியோடு ஒருவர் டயரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பாத்திரக் கடை காதர் மைதீன்.

"அவரு உங்க ஆளு, அண்ணாச்சி. அவரு கேக்கதை முடிச்சுக் கொடுங்க. காலையில ஆறு மணி பேட்ச் உங்களுக்கு."

அருள்தாசுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மணி பேட்சில் இருபது பேர். அதற்காகத்தான் எட்டு மாதமாக டயர் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க பாய், என்ன வேணும்?"

"முட்டி மடங்கல தம்பி. நாலு வருசமா பள்ளிவாசல்ல நாற்காலி போட்டுத்தான் தொழுதுட்டு இருக்கேன். எல்லாரும் தோளோட தோள் சேர்ந்து வரிசையில நிக்காங்க. நான் ஓரமா உக்காந்திருக்கேன். ரமலானுக்கு மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள தரையில உக்காந்து எந்திரிச்சிரணும்."

"மூணு மாசம் எதுக்கு? ரெண்டு போதும்."

சொன்னபடியே செய்தார். முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து எழ வைத்தார். பிறகு அதைவிடக் குள்ளமான ஸ்டூல். தொடைக்கு வலு வந்ததும் ரப்பர் மேட்டில் மண்டியிட வைத்தார். இடது கையைப் பக்கத்தில் நன்றாக அகட்டி ஊன்று, வலது முழங்காலை வெளியே திருப்பு, பாதத்தைப் பதி, எழு. ஏழாவது வாரம் காதர் மைதீன் இருபது தடவை உட்கார்ந்து எழுந்தார். கைத்தடி மூலையில் கிடந்தது. அருள்தாசே கைதட்டினார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாற்காலிப் பக்கமே போகாதீங்க பாய்."

மாஸ்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

சனிக்கிழமை காதர் மைதீன் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அருள்தாஸ் கடைக்குப் போனார். காதர் மைதீன் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உக்காந்துட்டேன் தம்பி. எந்திரிக்க முடியல. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன், அக்குள்ள கையைக் கொடுத்து என்னை அள்ளித் தூக்கிவிட்டாங்க. நாற்காலியில இருந்தப்பவாவது மரியாதை இருந்துச்சு."

"பாய், அடுத்த வாரம்..."

"இனி வரல. விட்டுருங்க."

அருள்தாசுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நேராக டயர் ஜிம்முக்கு வந்தார்.

"மாஸ்டர், இங்க இருபது தடவை எந்திரிச்சவரு. நான் கூடவே நின்னு எண்ணியிருக்கேன். பள்ளிவாசல்ல போய் உக்காந்ததும் எந்திரிக்கப் பயந்துட்டாரு. எல்லாம் மனசுதான்."

"மனசுன்னு சொல்லிட்டா நமக்கு வேலை மிச்சம்" என்றார் உலகம்மை.

பிறகு ஆட்டோ ஓட்டும் முப்பிடாதியையும் அவருடைய நண்பரையும் கூப்பிட்டார். இருவரும் நல்ல அகலமான ஆட்கள். அருள்தாசை நடுவில் மண்டியிடச் சொல்லி, இருவரையும் இரண்டு பக்கமும் தோள் இடிக்க உட்கார வைத்தார்.

"இப்ப எந்திரிங்க."

அருள்தாஸ் ஒரே மூச்சில் எழுந்துவிட்டார்.

"நீங்க எந்திரிக்கது எனக்குத் தெரியும். பாய்க்குச் சொல்லிக் கொடுத்தீங்கள்லா, அந்த மாதிரி எந்திரிங்க."

மறுபடி மண்டியிட்டார். இடது கையை அகட்டி ஊன்றப் போனார். அங்கே நண்பரின் தொடை இருந்தது. வலது முழங்காலை வெளியே திருப்பினார்.

"அண்ணாச்சி, விலா எலும்பு!" என்று அலறினார் முப்பிடாதி.

அருள்தாஸ் இன்னொரு தடவை முயன்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாய் முதல்நாள் உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டார் உலகம்மை.

"முட்டி மடங்கலன்னு சொன்னாரு."

"அப்புறம்?"

அருள்தாஸ் யோசித்தார். முகம் மெல்ல மாறியது.

"தோளோட தோள்னு சொன்னாரு மாஸ்டர். நான் ஏக்கத்துல சொல்லுதாருன்னு நினைச்சேன்."

"அளவு சொல்லியிருக்காரு, அண்ணாச்சி."

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அருள்தாஸ் வாசலில் நின்றார். காதர் மைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாய், உங்க மேல தப்பில்ல. உங்க முட்டி மேலயும் தப்பில்ல. நான் உங்களுக்கு மைதானத்துல எந்திரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கேன். என்னை மன்னிச்சிருங்க."

அருள்தாஸ் உள்ளே போய் இரண்டு பிரியாணி அண்டாக்களை இழுத்துப் போட்டு, நடுவில் மண்டியிட்டார்.

"இவ்வளவு இடம் இருக்குமா?"

காதர் மைதீன் பார்க்காததுபோல் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, ஓர் அண்டாவை நான்கு விரற்கடை உள்ளே தள்ளினார்.

"வெள்ளிக்கிழமைன்னா இவ்வளவுதான்."

"நெத்தியைத் தரையில வச்சிட்டு எப்படி நிமிருவீங்க? எனக்கு ஒரு தடவை காட்டுங்க. முடிஞ்ச வரைக்கும் காட்டுங்க."

காதர் மைதீன் வெறுங்காலோடு மண்டியிட்டார். ஜிம்மில் எப்போதும் ஷூ போட்டிருந்தவர். அன்றுதான் அருள்தாஸ் அவருடைய பாதத்தைப் பார்த்தார். மற்றவர்கள் விரலை மடக்கி ஊன்றி எழுவார்கள். இவருக்குக் கட்டைவிரல் மடங்கவே இல்லை. பாதம் பின்னால் செத்துக் கிடந்தது. ஏழு வாரம் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வெட்கமாக இருந்தது. அதை வாய்விட்டே சொன்னார். காதர் மைதீன் முதல் தடவையாகச் சிரித்தார்.

அதன்பிறகு பயிற்சியெல்லாம் கடையில்தான். காலையில் வியாபாரம் தொடங்குமுன் அரை மணி நேரம். துண்டை நாலாக மடித்து அதில் மண்டியிட்டு, விரலை ஊன்றிப் பத்து மூச்சு. முதல் வாரம் அதற்கே அவர் பல்லைக் கடித்தார். பிறகு கையைத் தன் தொடைமேலேயே வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, நேராக மேலே வரப் பழகினார். வலி கூடினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அண்டாவில் முழங்கை பட்டால் டங்கென்று சத்தம் வரும். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். முப்பதாவது நாள் கடையில் சத்தமே இல்லை.

இந்தத் தடவை அருள்தாஸ் தேதி சொல்லவில்லை. உலகம்மையை அழைத்து வந்து காட்டினார். அவர் பார்த்துவிட்டு ஒரு செம்புக் குடத்துக்கு விலை கேட்டார், அவ்வளவுதான்.

ரமலானுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலுக்கு எதிரே ஜூஸ் கடை ஓரத்தில் அருள்தாஸ் நின்றார். எல்லையில் காவல் நின்றபோதுகூட நெஞ்சு இப்படி அடித்ததில்லை. தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. காதர் மைதீன் கடைசியில் வந்தார். சாலையைக் கடந்து வந்து அருள்தாசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பக்கத்துல இருந்தவன் பழைய நினைப்புல கையை நீட்டினான் தம்பி. அதுக்குள்ள நான் எந்திரிச்சுட்டேன். அல்ஹம்துலில்லாஹ்."

அருள்தாஸ் அந்தக் கைகளை இறுகப் பிடித்தார்.

"நாளையில இருந்து நீங்க கடைக்கு வரவேண்டாம். ஜிம்முக்கு நானும் வரல. எனக்கு வேண்டியது கிடைச்சுட்டு."

சாயங்காலம் அருள்தாஸ் டயர் ஜிம்முக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னார். உலகம்மை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப சந்தோசம். நாளைக்கு ஆறு மணிக்கு நீங்க வந்து ஷட்டரைத் திறந்திருங்க."

அருள்தாஸ் நகரவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"எனக்கு முதல்ல கிடைச்ச ஆளு மாஸ்டர். அவரையே விட்டுட்டு நிக்கேன். இனி பயிற்சி வேண்டாம்னுட்டாரு."

உலகம்மை கயிற்றைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்னுட்டாரா? நீங்க சொல்லிக் கொடுத்ததை இனி தினமும் அஞ்சு வேளை செய்யப் போறாரு. மழைன்னு லீவு போட மாட்டாரு. கல்யாண வீடுன்னு லீவு போட மாட்டாரு. இப்படி ஒரு ஆளு எனக்கே இன்னும் கிடைக்கல, அண்ணாச்சி."