சொக்கனுக்கு இன்னொரு பெயர்

கூகைமலையில் மிருகங்கள் பேசும். எல்லா மிருகமும் பேசிவிடாது. யாராவது ஒரு மனுஷர் ஆசையாகப் பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட அன்றைக்கே அதற்குப் பேச்சு வந்துவிடும். சந்தைக்கு உப்பு சுமக்கும் கழுதை, பாரம் அதிகம் என்று முதலாளியோடு மல்லுக்கு நிற்கும். கொக்கு வாசலில் வந்து நின்று, மழை வருது, இப்ப விதைக்காதே என்று சொல்லிவிட்டுப் போகும். யாரும் வாயைப் பிளப்பதில்லை.

ஆனால் பெயர் வைத்தவர் கண்ணை மூடினால் பேச்சும் அத்தோடு சரி. பேச்சு வேண்டுமென்றால், அவர் மூச்சு இருக்கும்போதே வேறு ஒருவர் புதிதாகப் பெயர் வைத்தாக வேண்டும். வைத்த அந்த நொடியில் பழைய ஆளைப் பற்றிய ஞாபகம் முழுக்கத் துடைத்துக்கொண்டு போய்விடும். இரண்டில் ஒன்றுதான்.

மலையுச்சிக் குடிசையில் இருந்த அங்கம்மைக்கு மனுஷர்களிலும் சீடர்கள் உண்டு, மிருகங்களிலும் உண்டு. கடைசிவரை கூடவே இருந்தவன் சொக்கன். சொக்கன் ஒரு கரடி. 'அது' என்று சொன்னால் அந்த மலைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம். உடம்பெல்லாம் சடை, அதில் பாதி ஒட்டுமுள். அந்த அழகைப் பார்த்துத்தான் அங்கம்மை அவனுக்குச் சொக்கன் என்று பெயர் வைத்தாள்.

அங்கம்மை படுத்துவிட்டாள். கஞ்சி இறங்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆகிவிட்டது.

அடிவாரத்தில் தினை விதைக்கிற தவசி மத்தியானம் மூச்சு வாங்க ஏறி வந்தான். நல்ல மனுஷன்.

"தாயி, சொக்கண்ணனுக்கு நான் பேர் வைக்கிறேன். ஊமையாப் போனா காட்டுக் கரடின்னு நெனச்சுத் தீப்பந்தத்தை எடுத்துக்கிட்டு விரட்டுவாங்க. நம்ம சொக்கனுக்கா அந்தக் கதி?"

சொக்கன் தலையைத் தூக்கவில்லை.

"அம்மாவை மறந்துட்டு நான் பேசி என்ன செய்ய, தவசி?"

"மறக்க வேண்டாம்ணே. நான் அதே சொக்கன்ங்கிற பேரையே வைக்கிறேன். தாயியப் பத்தி தெனமும் உனக்குச் சொல்றேன். போதாதா?"

சொக்கனுக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது. அங்கம்மையைப் பார்த்தான்.

"அம்மா, இது நடக்குமா?"

"எங்க அப்பா ஒரு நீர்நாய் வளர்த்தாரு. செம்பின்னு பேரு" என்றாள் அங்கம்மை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. "அப்பா சாகப்போற நேரத்துல பக்கத்து வீட்டுக்காரர் அதே பேரை வச்சாரு. அப்பாவைப் புதைச்சிட்டு வந்து, நாங்க செம்பிகிட்ட எல்லாத்தையும் சொன்னோம். வெள்ளத்துல உன்னைத் தூக்கினது அவருதான், தன் வாய்க்குப் போற மீனை எடுத்து உனக்கு ஊட்டினாருன்னு. அவ மரியாதையா உக்காந்து கேட்டா."

"கேட்டுட்டு?"

"'நல்ல மனுஷர் போலிருக்கே'ன்னா."

தவசி தலை குனிந்துகொண்டான்.

"எங்கம்மா அன்னைக்குச் சோத்துல கை வைக்கல" என்றாள் அங்கம்மை.

"அப்ப வேண்டாங்கிறியா?" என்றான் சொக்கன்.

"நான் எங்கடா சொன்னேன்? செம்பி நல்லாத்தான் இருந்தா. ஆத்துல விழுந்தவங்க எத்தனையோ பேரைக் கரையேத்தினா. எங்கம்மாகிட்ட ஒரு கழுதை இருந்தான், கூத்தன்னு. அவன் பேர் மாத்திக்கல. அம்மா போனதும் பேச்சு போச்சு. புதைச்ச இடத்துலயே போய்ப் போய் நிப்பான். பசிக்குதா, நோவுதா, அழுறானான்னு எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. நாங்க பாட்டுக்கு மூட்டையை ஏத்தி ஓட்டிட்டு வந்துடுவோம்."

சொக்கன் நகர்ந்து அங்கம்மையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"ரெண்டு பேருல யாரும்மா கொறைவா கஷ்டப்பட்டாங்க?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும். ஒருத்திக்குத் தெரியாது. ஒருத்தனால சொல்ல முடியாது."

தவசி உட்கார்ந்தபடியே மெல்ல நகர்ந்து வந்து, பெயர் வைக்கிறபோது வைக்கிற மாதிரி சொக்கனின் நெற்றியில் கையை வைத்தான். சொக்கன் அந்தக் கையைத் தன் பாதத்தால் எடுத்து, நகம் படாமல், அவன் மடியிலேயே திருப்பி வைத்தான்.

"நீ வீட்டுக்குப் போ, தவசி. உன் மனசு யாருக்கு வரும்? ஆனா போயிடு."

தவசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அங்கம்மைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்திருக்கத்தான் தெம்பில்லை.

"அடப் பாவி! இத்தனை வருஷமா இதைத்தான் கத்துக்கிட்டியா? செத்துப்போற கிழவிக்காகப் பேச்சை விடுவியா? எனக்கு என்னடா ஆகப்போகுது? மண்ணுக்குள்ள கெடக்கப்போறேன்."

"உனக்காக இல்லம்மா."

"பின்ன?"

"உன்னை நல்ல மனுஷி போலிருக்கேன்னு நான் சொல்லிடக் கூடாது. எனக்கு அது தாங்காது."

அங்கம்மை அழுதுவிட்டாள். சீடனுக்கு முன்னால் அழுது அவளுக்குப் பழக்கமில்லை. அழுது முடித்ததும் கையை நீட்டி அவன் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்காடா?"

"இருக்கு. இனிமே நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"பேசு" என்றாள். "இருக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இரு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

சொக்கன் பேசினான். ஈசலைப் பற்றிப் பேசினான். எந்தப் பாறையிடுக்கில் தேன் புளிக்கும், எந்த இடுக்கில் கசக்கும் என்று சொன்னான். அவள் பாட்டு சகிக்காது என்றும், அதற்காகவே தான் ஓடைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வதாகவும் சொன்னான். அவள் உதடு லேசாகச் சிரித்தது. கண் மூடியிருந்தது. அவன் நிறுத்தவில்லை.

"அப்புறம் ஒருநாள் கூழ்ப்பானை கவுந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீ குரங்கைப் போட்டுத் திட்டினே. அவன் மேல தப்பே இல்லம்மா. உண்மையில அந்தப் பானையை"

வார்த்தை வரவில்லை.

சொக்கன் வாயைத் திறந்து பார்த்தான். இன்னொரு தடவை திறந்து பார்த்தான். அவன் காதைப் பிடித்திருந்த கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.