மூன்று எண்ணும் இரண்டு புள்ளியும்

அந்தக் காலத்தில் மனிதருக்கும் பறவைக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. கணினி அப்போதுதான் ஏரிக்கரைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு ஏரிகள். ஒவ்வொரு மடையிலும் ஒரு கணினிப் பெட்டி. மேல் ஏரியிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று மேல்மடை சொல்லும். கேட்ட கீழ்மடை அதற்கேற்பத் திறந்து மூடும்.

அந்த மென்பொருளை எழுதியவள் செங்கமலம். மேல் ஏரிக் கரையில் அவள் வீடு. புதிதாக எதை எழுதினாலும் கம்பி வழியே ஏழு பெட்டிகளுக்கும் அனுப்பிவிடுவாள். எதை ஓட்டுவது என்பது மடைக்காரர் விருப்பம். எழுதியதற்குப் பெயர் வைப்பதில்தான் அவளுக்குக் கை வரவில்லை. முதலில் ‘புதியது’ என்று வைத்தாள். பிறகு ‘புத்தம் புதியது’. இப்படியே போய் ஏழாவதற்கு ‘இதுதான் கடைசி’. அதற்கும் பிறகு ‘கடைசிக்கும் கடைசி’.

ஒருநாள் அளவை மாற்றினாள். அதுவரை சாண் கணக்கில் பேசிய மடைகள், இனி விரல் கணக்கில் பேசும். நல்ல மாற்றம்தான். ஆனால் மூன்றாம் ஏரி மடைக்காரர் தீர்த்தகிரியின் பெட்டியில் ‘இதுதான் கடைசி’ ஓடிக்கொண்டிருந்தது. பெயரே அப்படி இருக்க, மாற்றுவானேன் என்று அவர் விட்டுவிட்டார்.

இரண்டாம் மடை “பன்னிரண்டு” என்றது. பன்னிரண்டு விரல், அதாவது ஒரே ஒரு சாண். மூன்றாம் மடையோ பன்னிரண்டு சாண் வெள்ளம் வருகிறது என்று மிரண்டு, வாயை முழுக்கத் திறந்தது. நான்காம் ஏரியின் கரை உடைந்தது. நட்டு நாலு நாள் ஆன நாற்று அத்தனையும் போயிற்று.

“பெட்டிகளைப் பிடுங்கி ஏரியில் வீசுங்கள்!” என்று ஊர் கொதித்தது.

செங்கமலம் யாரையும் குறை சொல்லவில்லை. ஊராரோடு மண் சுமந்து கரையை அடைத்தாள். “ஒரு மழை பொறுங்கள். அதிலும் தவறினால் நானே பிடுங்கி வீசுகிறேன்” என்றாள்.

அந்த மழை எட்டாம் நாளே வந்தது. விடியும்போதே வானம் கறுத்துக் கொட்டியது, பாதையெல்லாம் தண்ணீர். மடையில் குப்பை அடைத்தால் திணறும் பிழையைச் சரிசெய்து, புதிய பதிப்பைக் கம்பியில் அனுப்பிவிட்டாள். எதை ஓட்டுவது என்று மடைக்காரர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

“நான் போகிறேன் அக்கா. பருந்தையே விரட்டுகிறவன், மழைக்கா பயப்படுவேன்?” என்றது கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி. “ஆனால் இந்தக் கடைசிக்குக் கடைசியெல்லாம் என் வாயில் நுழையாது. எண்ணாகச் சொல்லு.”

அவள் எண்ணிப் பார்த்தாள். “பன்னிரண்டாவது.”

கரிச்சான் பறந்தது. கொஞ்ச நேரத்தில் நனைந்து திரும்பியது.

“தீர்த்தகிரி கேட்கிறார். கரை உடைந்த பிறகும் எதை ஓட்டுவது என்று தெரியாமல் அவர் மாற்றவில்லையாம். அவரிடம் ஓடுவது இன்னும் ஏழாவதாம். ஏழும் பன்னிரண்டும் பேசினால் ஒன்றுக்கொன்று புரியுமா? மாற்றுவதென்றால் மடையை அரை நாழிகை மூடவேண்டும். புரியுமென்றால் இந்த வெள்ளத்தில் ஏன் மூடவேண்டும்? புரியாதென்றால் மூடாமல் எப்படி இருப்பது?”

செங்கமலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையாவது என்று சொன்னாளே தவிர, என்ன மாறியது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

“மூன்று எண்ணாகச் சொல்கிறேன், பிடித்துக்கொள்” என்றாள். “முதல் எண் மாறினால் பழையதும் புதியதும் பேசிக்கொள்ள முடியாது, உடனே மாற்றியாக வேண்டும். நடு எண் மாறினால் புது வசதி சேர்ந்திருக்கிறது. பழையதோடு பேச்சு கெடாது. கடைசி எண் மாறினால் ஓட்டை அடைத்திருக்கிறேன், அவ்வளவுதான், மழை ஓயட்டும். சாண் பேசியதெல்லாம் ஒன்று. விரல் பேசுவது இரண்டு. இப்போது அனுப்பியது இரண்டு, மூன்று, ஒன்று.”

கரிச்சான் அம்பாகப் பாய்ந்தது.

அவள் திரை முன் நின்றாள். ஏழு ஏரிகளின் நீர்மட்டமும் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் மடையும் ஆறாம் மடையும் மூடின. அவை இரண்டில் மட்டுமே பழைய சாண் பதிப்பு. மற்ற ஐந்தும் மூடாமல் வெள்ளத்தை வாங்கி விட்டுக்கொண்டிருந்தன. மூன்றாம் ஏரி கரையை எட்ட இரண்டே விரல் இருந்தது.

இரண்டாம் மடை “பன்னிரண்டு” என்றது.

மூன்றாம் மடை விழித்தது. சரியாக ஒரு சாண் திறந்தது.

அடுத்து ஆறாவதும் திறந்தது. நடுப்பகலுக்குள் வெள்ளம் ஏழு ஏரிகளையும் படிப்படியாய்க் கடந்து ஆற்றில் இறங்கியது. ஒரு கரைகூட உடையவில்லை. பெட்டிகளை வீசச் சொன்னவர்களே கொட்டும் மழையில் பறையடித்து ஆடிக்கொண்டு வந்தார்கள். செங்கமலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைகரையாகப் போனார்கள்.

மூன்றாம் மடையின் சுவரில் கரியால் பெரிதாக எழுதியிருந்தது: 2.3.1.

“நடுவில் என்ன அண்ணே புள்ளி?” என்று கேட்டாள்.

தீர்த்தகிரி சிரித்தார். “கரிச்சான் முதல்முறை ஒரே மூச்சில் சொன்னான். இருநூற்று முப்பத்தொன்றா என்று நான் திகைத்தேன். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவன் மூச்சு வாங்கிய இடம் அம்மா அது.”

அன்று முதல்தான் மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் பதிப்புக்கு மூன்று எண் வைத்து, இடையில் இரண்டு புள்ளியும் இடுகிறார்கள். முதல் எண் மாறிவிட்டால் மட்டும், எத்தனை அவசரமானாலும் ஒருகணம் நின்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறார்கள்.