மார்கழித் தாலாட்டு

மார்கழிக் குளிரில் ஒரு ராத்திரித் தூக்கம் என்ன விலை என்று தேக்கம்பாறை மலையூர்ச் சந்தையில் கேட்டால், ஒரு முரட்டுக் கம்பளி, ஒரு கட்டு விறகு என்று கூசாமல் சொல்வார்கள். செங்காயி அம்மையார் தினமும் விறகு சுமந்தார். அது சிவன் கோயில் மடைப்பள்ளிக்கு. தம் ஒரே பெண் குழந்தையைப் போன தை மாதத்துக் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்த நாள்முதல் அவர் சரியாகத் தூங்கியதில்லை. கண்ணை மூடினால் கை தானாகத் தூளிக் கயிற்றைத் தேடிற்று.

விடியுமுன் விறகை இறக்கிவிட்டுப் பள்ளியறைக் கதவருகே நிற்பார். மார்கழி பிறந்ததும், மிளகு மண்டி அங்கப்ப செட்டியாரின் பஜனைக் கூட்டம் ஜால்ராவும் மிருதங்கமுமாக அங்கே பெருமானைத் துயிலெழுப்ப வந்துவிடும். அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. ஊரே போர்த்திக்கொண்டு கிடக்கிற நேரத்தில் சாமியை மட்டும் எழுப்புவதா? கதவிடுக்கில் வாயை வைத்து மெல்லத் தாலாட்டுப் பாடினார்.

"ஏ செங்காயி! நாங்க எழுப்பறோம், நீ தூங்க வெக்கறயா? கடையத் தெறக்கறப்ப இழுத்துச் சாத்தறவளாட்ட இருக்குதே!" என்றார் செட்டியார்.

"அறியாப் புள்ளையாட்டக் கெடக்குதுங்க சாமி. பனியில எழுப்புனா நெஞ்சுல சளி கட்டிக்குமுங்க."

கூட்டம் சிரித்தது. "சாமிக்கே வைத்தியமா? பெத்ததக் காப்பாத்தத் தெரியல!" என்றது ஒரு குரல். சிரிப்பு நின்றுபோயிற்று, சொன்ன சொல்லை மட்டும் யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே போகச் சொன்னார்கள். போனார். மதிலுக்கு மறுபுறம் நின்று, கல்லோடு முகம் சேர்த்துப் பாடினார். கிழிந்த சாக்குப் போன்ற குரல். மிருதங்கத்துக்கு முன் எடுபடுமா? கேட்க வேண்டியவர் கேட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லை. ஆனாலும் மாதம் முழுக்கப் பாடினார்.

மார்கழியின் கடைசி நாள் குருக்கள் சாவியைத் திருகினார், கதவு அசையவில்லை. செட்டியார் தோள் கொடுத்தார்; அப்போதும் அசையவில்லை. ஜால்ராவை நிறுத்திய பிறகுதான் கேட்டது: உள்ளேயிருந்து, பால் குடித்த குழந்தையின் சீரான மூச்சு.

செட்டியார் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார். "ஆத்தா, நீயே வந்து கேளு."

அம்மையார் கதவில் காது வைத்தார். "சத்தம் போடாதீங்க, தூங்குது" என்றார். இன்னும் இரண்டு அடி பாடினார். அடுத்த அடியில் குரல் தேய்ந்தது. வாசற்படியிலேயே தலை சாய்ந்து, ஓராண்டுத் தூக்கத்தைத் தூங்கினார். படியில் வெயில் ஏறி அவர் விழித்த பிறகே கதவு தானாகத் திறந்தது.

மறுநாள் பழைய விறகு, பழைய விழிப்பு.

ஒரு மாதத் தாலாட்டை வாங்கிக்கொண்டு பெருமான் ஒரு காலைத் தூக்கம் கொடுத்தார். அதையே பெரும்பேறென்று கும்பிட்ட செங்காயி அம்மையாரின் அன்பு பெரிது. ஆனாலும் கணக்கு கணக்குதான்: குழந்தை வகையில் பெருமான் இன்னும் பாக்கி.